காட்டைப் பெருக்கிய கதை

குப்பையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு வாசலானாலும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நகருவேன். வாய் திறந்து பேசத்தான் வராது. இந்த இரண்டும் சேர்ந்து வருசநாட்டு மலையில் என் மானத்தை வாங்கிவிட்டன.

மலைத்தொடர் முழுக்கக் காடு நலமாக இருக்கிறதா என்று, அங்கங்கே சில மரங்களைக் குறித்துவைத்துப் பார்க்கிறார்கள். (காட்டுக்கும் செக்கப் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.) எங்கள் பக்கத்து மரங்களுக்கு ஆடு மாடு அண்டாமல் காவல் இருக்க, காட்டு வாச்சரான என் கொழுந்தனார் என்னைச் சேர்த்துவிட்டார். மரத்தடியில் குச்சி நட்டு வலை கட்டியிருந்தது. ஆராய்ச்சி செய்யும் பெண்ணை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர், "வலை பத்திரம்மா" என்றார். எதற்கு வலை என்று கேட்கக் கூச்சம். பழம் விழுந்தால் பிடிக்க என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, கொழுந்தனார் வந்து சொன்னார்: "மதினி, நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாக. அவுக சரின்னாத்தான் ஒங்க வேல நெலைக்கும்."

விருந்தாள் வருகிற இடமா இது? மாசி மாதம், எங்கு பார்த்தாலும் சருகு. விடிந்ததும் விளக்குமாற்றோடு போய்ப் பெருக்கி, பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினேன். வலைகளையும் அவிழ்த்து உதறி, துடைத்துக் கட்டினேன். கோலம் போடத்தான் மாவு எடுத்துப்போகவில்லை.

வந்தவர்கள் பாராட்டுவார்கள் என்று மரத்துக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி மேலே பார்த்தார், மரம் மொட்டை. கீழே பார்த்தார், ஒரு இலை இல்லை.

"எல்லா மலையிலயும் வலை நிறைய இலை கிடந்துச்சே. இங்க எங்க போச்சு?"

ஒருவர் காற்று என்றார். ஒருவர் கறையான் என்றார். டீச்சர் மண்ணைக் கிள்ளிப் பையில் போட்டார். குப்பையைக் காணவில்லை என்று படித்தவர்கள் ஏன் இப்படித் தவிக்கிறார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மரத்துக்கு ஏதோ சீக்கு. மேல எழுதணும்" என்று அதிகாரி சொன்னதும்தான் பயம் பிடித்தது. வேலை போனால் போகட்டும், நல்ல மரத்துக்கு இல்லாத நோவைக் கட்டலாமா?

"அய்யா... நாந்தேன் பெருக்குனேன்."

"காட்டையா?"

"நீங்க வர்றீகள்லய்யா!"

டீச்சர் தலையில் கை வைத்தார். "மாசாமாசம் வலையில விழுற இலையை எடை போட்டுத்தாம்மா மரம் எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்கிறோம்." அப்புறம் எல்லோரும் பள்ளத்தில் இறங்கிச் சருகைக் கிளறினார்கள். எது எந்த மரத்து இலை என்று யாருக்குத் தெரியும்?

அதிகாரி சிரித்துவிட்டார், வேலை தப்பியது. ஆனால் அங்கே ஒரு பலகை நட்டுவிட்டார்கள்: "இங்கே பெருக்கக் கூடாது."

புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "காட்டைப் போய் யாருங்க பெருக்குவா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கொழுந்தனாருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்க மதினிதேன். அந்தா, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறாக பாருங்க!"