சடையன் வாங்கிய பதினேழு தாள்கள்

வல்லாரைக் கீரை தின்றால் படித்தது மறக்காது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் திருத்தாமல் விடுவது அறமாகாது. மூன்று வேளையும் வல்லாரை தின்பது முயல். அதற்குத் தன் வளையின் வாசலே பாதி நாள் நினைவிருப்பதில்லை.

இதை நன்கு அறிந்த சருகுமான் ஒன்று ஒரு காட்டில் இருந்தது. பெயர் செங்கமலம், பத்தாம் வகுப்பு. தேர்வில் முதலிடம் பெறும் ஒருவருக்கு மட்டும் மலைமேல் இருந்த பள்ளியில் இடம் உண்டு. அந்த மலைக்குப் புலி வராது. ஆகவே செங்கமலம் முறைப்படி படித்தாள். புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தாள். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதினாள். வராத பாடத்தை முதலில் எடுத்தாள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து காலாற நடந்தாள். பக்கத்து இருக்கை வெள்ளாடு சடையனோ புத்தகத்தின் அட்டையைக்கூடப் புரட்டவில்லை.

தேர்வன்று முதல் கேள்வியே அவளுக்குத் தெரிந்தது: "புலியின் வருகையை முன்னறியும் வழிகள் யாவை?" மகிழ்ந்துபோய் நான்கு வரி எழுதுவதற்குள் சடையன் எழுந்தான்.

"சார், அடிஷனல் ஷீட்!"

மேற்பார்வையாளர் கரடி கையெழுத்து வாங்கிக்கொண்டு தாள் கொடுத்தார். பத்து நிமிடம் போயிருக்கும்.

"சார், அடிஷனல்!"

செங்கமலத்துக்குக் குளம்பு வியர்த்தது. இவனே இவ்வளவு எழுதுகிறான் என்றால் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். நான்கு வரி விடையை நான்கு பக்கமாக்கினாள். புலியின் கோடுகளை எண்ணி எழுதினாள். மீசைக்குத் தனித் தலைப்புக் கொடுத்தாள். மணி அடித்தபோது பன்னிரண்டு கேள்விகளில் மூன்றுதான் முடிந்திருந்தது.

"டேய் சடையா, அப்படி என்னடா எழுதினே?" என்று வாசலிலேயே மடக்கினாள்.

"எழுதறதா? காலையில ஒண்ணும் சாப்பிடல செங்கமலம். முதல்ல கொடுத்த தாள் கொஞ்சம் முரடு. அடிஷனல் இருக்கே, பஞ்சு!"

அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு நிம்மதி: மலைப்பள்ளி இடம் இவனுக்கும் இல்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. முதலிடம் சடையன். செங்கமலம் தேர்வுத்துறை எழுத்தர் நரியிடம் ஓடினாள்.

"பதினேழு தாள் கொடுத்ததுக்குக் கையெழுத்து இருக்கும்மா. எங்க கைக்கு ஒண்ணுகூட வரல. நாங்க தொலைச்சோம்னு ஆனா எல்லார் வேலையும் போயிடும். அதான் முழு மார்க் போட்டுட்டோம்."

"ஐயா, அவன் தின்னுட்டான்!"

"ஆதாரம்?"

"அவன் வயித்துல பாருங்க!"

"அதுக்கு ரெண்டு வாரம் ஆச்சேம்மா," என்றார் நரி.

சடையன் மலையேறினான். செங்கமலம் துணைத்தேர்வுக்கு விண்ணப்பித்தாள். முன்போலவே முறையாகப் படித்தாள். தேர்வன்று காலையில் மட்டும் சாப்பிடவில்லை.

நீதி: பிழை என்பது எழுதிய விடையில்தான் இருக்கும்.