சாணைக் கண்ணாடியும் சைகோன் அப்பாவும்

“கண்ணே காஞ்சு போச்சாம். இவ ஆபீசுக்குப் போயி என்னாத்தப் பாக்கப் போறா?”

கேட்டவர் என் அத்தை தனபாக்கியம். கேட்டது அம்மாவிடம்தான். ஆனால் அடுத்த அறையில் டைப்ரைட்டிங் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்க வேண்டும் என்று, குரலை அதற்குத் தகுந்தாற்போல் கூட்டி வைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் கட்டைவிரலில் மை தடவிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். பட்டம் வாங்கி, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்திருந்த நான், கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் நடந்தால் தெருவே கொஞ்சம் விலகி வழிவிட வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. (விலகவில்லை. ஆடுகூட விலகவில்லை.)

எட்டாம் வகுப்பிலேயே எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அதைக் கழற்றினால் எதிரே நிற்பது மாமாவா மாமரமா என்று குரலை வைத்துத்தான் சொல்வேன். பட்டம் வாங்கிய வருஷம் இன்னொரு தொல்லையும் வந்து சேர்ந்தது. சைக்கிளில் போகும்போது கடல் காற்று பட்டால் போதும், கண் எரிந்து பொலபொலவென்று கொட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உன் கண்ணு காய்ஞ்சு போயிருக்கும்மா” என்றார்.

“காய்ஞ்ச கண்ணுல ஏன் சார் இவ்ளோ தண்ணி?”

“ஈரம் பத்தலைன்னு கண்ணு பயந்துக்குது. பயத்துல மொத்தமாக் கொட்டிடுது. சொட்டு மருந்து போடு. காத்து உள்ள போகாத மாதிரி சுத்தி மூடின கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடு.”

சொல்வது சுலபம். ஊரில் இருந்த கண்ணாடிக் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், “பவரு வேணுமா, மூடி வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா” என்றார். இன்னொருவர் கண் ஆபரேஷன் ஆனவர்கள் போடும் பக்கவாட்டு மறைப்பு வைத்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அதில் பவர் இல்லை. போட்டுக்கொண்டு படியிறங்கியபோது நாயை மிதித்தேன். மூன்றாவது கடையில், பவர் கண்ணாடிக்கு மேல் கூலிங் கிளாஸை மாட்டிப் பார்த்தேன். மூக்கு ஒன்றுதானே இருக்கிறது, எத்தனையைத் தாங்கும்? மேலே இருந்தது வழுக்கி வாய்க்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் பத்தடி நடந்ததற்கே, எதிரே வந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எதிர்வாடைக்குப் போய்விட்டார்கள். மெட்ராஸ் ஐ பரவியிருந்த சமயம்.

இந்த நிலையில்தான் அந்த இன்டர்வியூ கடிதம் வந்தது. ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மில்லை என்றைக்கு மூடிவிடுவார்களோ என்று அப்பா தினமும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். அந்த வேலை கிடைத்தாக வேண்டும். அதிலும் என் படிப்புக்காகக் கிடைக்க வேண்டும். அத்தையின் வாயை அடைக்க வேறு வழியில்லை.

தட்டாஞ்சாவடியில் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் என் மாமா கைகொடுத்தார். சாணை பிடிக்கிறவர்கள் தீப்பொறிக்குப் பயந்து போட்டுக்கொள்ளும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்னால் கெட்டி பிளாஸ்டிக், சுற்றிலும் ரப்பர், பின்னந்தலைக்கு எலாஸ்டிக் பட்டை, பட்டையில் வெள்ளைப் பெயிண்டில் பட்டறையின் பெயர்.

“உள்ள உன் கண்ணாடிய போட்டுக்க, மேல இத மாட்டிக்க. எங்க மேஸ்திரியும் கண்ணாடிக்காரருதான். காத்து என்ன, எறும்புகூட உள்ள போவாது பூங்காவனம்” என்றார்.

உண்மைதான். காற்று உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த காற்று வெளியேயும் போகவில்லை.

கஞ்சி போட்ட நூல் புடவை, மல்லிகைப் பூ, கக்கத்தில் சர்ட்டிபிகேட் ஃபைல், முகத்தில் சாணைக் கண்ணாடி. இப்படிச் சைக்கிளில் கிளம்பினேன். பாதி வழியில் பிளாஸ்டிக் ஆவி பிடித்து வெளுத்தது. அதற்குள்ளே என் கண்ணாடியும் வெளுத்தது. எலாஸ்டிக் இறுக்கியதில் கண் எரிந்து வேலையைக் காட்ட ஆரம்பித்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் ரப்பருக்குள்ளேயே தேங்கியது. நிறுத்தித் துடைத்திருக்கலாம். ஆனால் பத்து மணிக்கு இன்டர்வியூ. ஒன்பது ஐம்பது.

அலுவலகம் இருந்த தெருவில் எல்லாமே வெள்ளைக்காரன் காலத்து உயர்ந்த மதில் வீடுகள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. மங்கலாக ஒரு ஷாமியானா தெரிந்தது. மடக்கு நாற்காலிகள், வெள்ளை வேட்டி சட்டையில் கூட்டம். ஒரு டைப்பிஸ்ட் வேலைக்கு இவ்வளவு பேரா என்று சைக்கிளை மதிலில் சாய்த்தேன். (மேளக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாதது காதுக்காவது எட்டியிருக்கும்.)

வாசலில் நின்றவரிடம், “எங்கங்க போவணும்?” என்றேன்.

“பொம்பளைங்க எல்லாம் உள்ள இருக்காங்க. போம்மா.”

பெண்களுக்குத் தனி வரிசை போலிருக்கிறது. மரியாதையான அலுவலகம். “பேப்பரு எல்லாம் கொண்டாந்திருக்கேங்க. எல்லாம் ஒரிஜினலு” என்று ஃபைலைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஃபைலை ஒரு மாதிரி பார்த்தார்.

உள்ளே நுழைந்ததும் துடைப்பதற்காகச் சாணைக் கண்ணாடியையும் என் கண்ணாடியையும் ஒன்றாகக் கழற்றினேன். தேங்கியிருந்ததெல்லாம் கன்னத்தில் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. சாவு வீட்டில் ஒப்பாரி இடையிடையே ஓய்ந்திருக்கும். புதிதாக ஒரு பெண் அழுதுகொண்டு உள்ளே வந்தால் மறுபடி எழும்பும். நான் அப்படித்தான் வந்திருக்கிறேன். வீடு அதிர ஒரு குரல் எழும்பியது. எங்கிருந்தோ நாலு கை வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார வைத்தது. தோளில் யாரோ தலையை வைத்து, “உனக்கு யாரு சொன்னாங்கடியம்மா” என்று அழுதார்கள்.

நான் தட்டுத்தடுமாறி என் கண்ணாடியை மூக்கில் மாட்டினேன். எதிரே பெஞ்சில் மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்து ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

இவர் இன்டர்வியூ எடுக்கப் போவதில்லை என்பது உடனே விளங்கிவிட்டது. (படித்த பெண் அல்லவா.)

அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இவர் பட்டாளத்தோடு சைகோனில் இருந்தபோது அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார் என்று வெகுநாளாக ஒரு பேச்சு. அந்த வீட்டுக்கு, அன்றைக்கு, யாருக்கும் தெரியாத ஒரு வயசுப் பெண், கண்ணீரும் கையில் ஒரிஜினல் பேப்பருமாக வந்து இறங்கியிருக்கிறாள்.

என் கழுத்தைக் கட்டியிருந்த அம்மாள் மெதுவாகக் கையை எடுத்தார்.

“நீ யாரு பொண்ணு?”

தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அந்தப் பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “நான் கருவடிக்குப்பங்க” என்றேன்.

“கருவடிக்குப்பமா!” மூலையிலிருந்து ஒரு குரல். “சைகோன்னு இல்ல சொன்னாங்க? இங்க இருக்கற கருவடிக்குப்பத்துலயேவா வெச்சிருந்தாரு?”

ஒப்பாரி சட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் ஃபைல் பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்து மாலையோடு உள்ளே வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், பெரியவரைக் கும்பிட்டுவிட்டு என்னையும் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் எழுந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வழக்கத்தை மட்டும் அன்றைக்கு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஓட்டமாக வந்து சைக்கிளை எடுத்தேன். சாணைக் கண்ணாடி அங்கேயே கிடந்தது.

அலுவலகம் நாலு வீடு தள்ளி இருந்தது. அதிகாரி வர நேரமானதால் இன்டர்வியூ இன்னும் தொடங்கவில்லை என்றார்கள். தெய்வமே என்று உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர், மாலையோடு வந்த அதே கண்ணாடிக்காரர். எனக்குப் போட்டிருந்த நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி.

“இன்னிக்கு நீ வந்திருக்க வேணாமேம்மா” என்றார் அவர். “சொல்லியிருந்தா வேற நாள் கூப்பிட்டிருப்போம்.”

“சார், அவரு எங்க அப்பா இல்ல. தப்பா நுழைஞ்சிட்டேன். எங்க அப்பா வீட்ல தூங்கறாரு.”

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தூங்கறாருன்னே நெனச்சுக்கம்மா. எங்க அப்பா போனப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

“நெசமாவே தூங்கறாரு சார்! நைட் ஷிப்டு!”

மின்விசிறிக் காற்று தன் வேலையைத் தொடங்கியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் கணக்கில்லை.

“நான் அழுவல சார். எனக்குக் கண்ணு காய்ஞ்சு போற வியாதி” என்றேன், மேஜையில் சொட்டிய தண்ணீரை முந்தானையால் துடைத்தபடி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேள்வியே கேட்கவில்லை. டைப் அடிக்கச் சொன்னார்கள். தாள் நனைய நனைய ஒரு பக்கம் அடித்தேன். ஒரு பிழை இல்லை. அதை யாராவது பார்த்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டு வாசலில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா குழாயடிக்கு ஓடினாள். தலையோடு ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

பத்து நாள் கழித்து வேலைக்கான உத்தரவு வந்தது. அதே நாளில் சொல்தாவின் மூத்த மகனும் வந்தார், இரண்டு பெரிய மனிதர்களோடு. கையில் என் சாணைக் கண்ணாடி. பட்டையில் இருந்த பெயரைப் பிடித்துப் பட்டறைக்குப் போய், மாமாவிடம் விலாசம் வாங்கியிருக்கிறார்.

“எங்க அப்பாவோட பொண்ணு இங்க இருக்கறதா…” என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம்.

“எவன்டா அவன்!” என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள். “யாரு அந்த சொல்தா? அவன் மூஞ்சி கறுப்பா செவப்பான்னு நான் பாத்திருப்பனா?”

அப்பா கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். “நான்தாம்பா இவளப் பெத்தவன். நான் வில்லியனூர தாண்டிப் போனதில்ல. சைகோனுக்கு எந்த பஸ்ஸு போவுது?”

“அன்னிக்கு அப்படி அழுதாங்களே, நாங்களே அப்படி அழுவல” என்றார் மகன்.

அப்பா பனையோலை விசிறியை எடுத்து, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே வீசினார். எண்ணிப் பத்து வீச்சு. கொட்டியது. மகன் விசிறியை வாங்கித் தானும் வீசிப் பார்த்தார். மறுபடி கொட்டியது. கூட வந்தவர்களில் ஒருவர் தனக்கும் ஒரு முறை வேண்டும் என்றார். எல்லோருக்கும் திருப்தியானதும் மகன் சாணைக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, கருமாதிக்கு அவசியம் வர வேண்டும் என்று பத்திரிகையும் வைத்துவிட்டுப் போனார்.

இன்டர்வியூவுக்கு ஒரு விசிறியோடு போகத் தோன்றவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு ஆற்றாமை.

மூன்று வருஷமாக அந்த அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். உண்மையை அதிகாரியிடம் நாலு தரம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும், “மனசத் தேத்திக்கிட்டியே, அது போதும்” என்கிறார். வருஷா வருஷம் அந்தத் தேதியில், திதி இருக்கும் என்று அரை நாள் லீவு தருகிறார். ஒருநாள் அப்பா சாப்பாடு கொண்டுவந்தபோது, “சித்தப்பாவா?” என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலோ, நான் எதையாவது கேட்டு அடம்பிடித்தால், “எங்கிட்ட ஏன் கேக்கற? சைகோன் அப்பாவக் கேளு” என்பதுதான் அப்பாவின் பதில். தெருவில் சாவு விழுந்தால் அத்தை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்.

எல்லோரும் சிரிக்கட்டும். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இந்த வேலை என் டைப்புக்குக் கிடைத்ததா, என் கண்ணுக்குக் கிடைத்ததா?

அதனால் இரண்டு காரியம் செய்துவிட்டேன். மாமாவின் பட்டறையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, என் கண்ணாடியின் இரு பக்கமும் மறைப்பு வைத்து, ஆவி பிடிக்காமல் இருக்கச் சின்னச் சின்ன ஓட்டையும் போட்டுக்கொண்டேன். குதிரைக்குக் கட்டியது போல இருக்கிறது என்றார் அத்தை. இருக்கட்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தேன், கண்ணோரம் கூட நனையவில்லை.

இரண்டாவது, அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். அங்கே முகத்தைப் பார்க்க மாட்டார்கள். விடைத்தாளில் வெறும் எண்தான் இருக்கும். தந்தை பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, ‘உயிருடன் இருக்கிறார்’ என்று சேர்த்து, அதன் கீழே கோடும் போட்டேன்.

நேற்றுக் காலை அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர் அப்பாதான்.