ஹரிணி காதுகுத்துக் கிடாயில் கொழுப்பு ஒட்டாதது குறித்து

இலுப்பூர்,
ஆவணி 4

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தமிழ்செல்வன் அவர்களுக்கு, உங்கள் வீட்டில் வாக்கப்பட்ட அன்புமொழியின் அண்ணன் சோலையப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் கண்ணாத்தாளும் ஆடு நாற்பதும் சுகம். அங்கு நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் தங்கச்சி பிடுங்கிப் பேசும். அதனால்தான் கடுதாசி.

ஹரிணி காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக என் வெள்ளைக் கிடாயைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதை வெட்ட முடியாது. காரணம் விஞ்ஞானம். கால்நடைக் கல்லூரியில் படிக்கிற சத்யாங்கிற பிள்ளை, எந்த இன ஆட்டுக்குக் கொழுப்பு எப்படி அமையுதுன்னு ஊர் ஊராப் போய் ரத்தம் எடுக்குது. ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், திருச்சி கருப்பு எல்லாம் பாத்தாச்சாம். கொழுப்பு சேர ஒரு ஜீன் இருக்காம், அதுல இனத்துக்கு இனம் ஒரு எழுத்து மாறுதாம். நம்ம கிடாய்க்கும் மாறியிருக்கு. மாறினா அவ்வளவுதான் மாப்பிள்ளை, புண்ணாக்கை மூட்டையோட அவுத்துக் கொட்டினாலும் கொழுப்பு ஒட்டாது. மூத்தவன் காதுகுத்துல "கறியா, வெறகா?"ன்னு உங்க பங்காளிங்க கேட்டது எனக்கு இன்னும் மறக்கல. திரும்பவும் அந்த அவமானம் வேணாம். அத்தாட்சிக்கு ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேன், சைக்கிள் ஸ்டாண்டைப் போடுறதுக்குள்ள அசலையும் நகலையும் கிடாயே தின்னுடுச்சு. கண்ணாத்தாளுக்கு விஞ்ஞானம் புரியல. உரக்கடைத் தராசுல ஏத்தி, "நாப்பத்தஞ்சு கிலோ காட்டுது, எந்த எழுத்து மாறினா என்னங்க?"ங்குறா. அது எலும்பு எடைன்னேன். கடைக்காரரும் சேந்து சிரிச்சாரு. அதுக்குள்ள கிடா குதிச்சு அவர் கல்லாவை முட்டித் தள்ளிடுச்சு, இனிமே அங்கிட்டு வரக்கூடாதுன்னுட்டாரு.

பதிலுக்கு நல்ல வேம்பூர்க் கிடா ஒன்று அனுப்புகிறேன். ஹரிணிக்குக் காது சீழ் வைக்காமல் ஆற நம்ம கருப்பர் பார்த்துக்கொள்வார். தங்கச்சிக்கு ஆசி, சம்பந்தியம்மாவுக்குக் கும்பிடு.

இப்படிக்கு,
சோலையப்பன்

பி.கு.: சத்யா அப்படிச் சொல்லல. "எழுத்து மாறுறது இனத்தைப் பத்துன சேதிங்கய்யா, ஒத்தக் கிடாயப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. ஒங்களுது நல்லாத்தான் கொழுத்திருக்கு"ன்னு மூணு தடவை சொல்லுச்சு. சாமி முன்னால தலையில தண்ணி தெளிச்சா கிடா உடம்பை உதறி உத்தரவு குடுக்கணும்ல, நேத்து வீட்டுலயே தெளிச்சுப் பாத்தேன். உதறல. தெளிச்ச கைய நக்குச்சு. நாலு நாள் குட்டியில தாய் செத்து, பால்புட்டியில நான் வளத்தது மாப்பிள்ளை. என்னால முடியாது. இந்தப் பின்குறிப்பைக் கிழிச்சுட்டு, மேல உள்ளதை மட்டும் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டுங்க.