ஐயாவின் முகத்தில் சுற்றும் உன் போட்டோ

பெரம்பலூர்,
ஆவணி மாதம், 2006.

அன்புத் தம்பி அருள்முருகனுக்கு,

அண்ணன் ராசாங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி அம்சவள்ளி, பிள்ளை சுகன்யா மூவரும் சுகம். கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. மஸ்கட்டில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். பாடாலூர் ரஞ்சித்குமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும் ஒரு சிடியும் வரும். சிடியைப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. படித்தாலும் என்னைத் திட்டத்தான் போகிறாய், ஆனால் காரணம் தெரிந்து திட்டலாம்.

போனில் நீ சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "ஐயா நடக்குறதையும் பேசுறதையும் ஒரு தடவ பாக்கணும்ண்ணே. சாவுக்குத்தான் வர முடியாமப் போச்சு" என்றாய். நம்மைப் பெற்ற ஐயா உயிரோடு நடமாடுகிற படம் என்று இந்த உலகத்தில் இருப்பது தங்கச்சி மலர்கொடியின் கல்யாணக் கேசட் ஒன்றுதான், தொண்ணூற்றேழில் எடுத்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐயா வரும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புகிறேன் என்று நானும் வாய்விட்டுவிட்டேன். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற மிஷினைக் கட்டி மேய்த்தவனுக்கு இது ஒரு வேலையா என்கிற திமிர். கல் மிஷின் மக்கர் பண்ணினால் சத்தம் போட்டுச் சொல்லும். இது திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி 'சரி' என்று அமுக்கச் சொல்கிறது. என்ன சரி, எது சரி, ஒரு விளக்கமும் கிடையாது.

அன்றைக்குக் கல்யாணத்தைப் படம் பிடித்த அரியலூர் வீடியோக்காரர் ஆண்டவரே கேசட் ஓட்டும் டெக்கை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து ஒயர் மாட்டிக் கொடுத்தார். கேசட் ஓட ஆரம்பித்ததும் எனக்கு வேலையே மறந்து போச்சு. வீடியோ லைட் அடித்த பக்கமெல்லாம் சனங்கள் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் அப்படியே நிற்கிறார்கள், தம்பி. செத்துப்போன கமலவேணி அத்தை அந்த மாம்பழக் கலர் சேலையில் எல்லாரையும் விரட்டிக்கொண்டு வருகிறாள். நான் இத்தனை முடியோடு இருந்தேன் என்பதை சுகன்யா நம்பவேயில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது தாலி கட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் 'இடமில்லை' என்று நின்றுவிட்டது. அன்றைக்கு மண்டபத்திலும் இடமில்லைதான், அதற்காகத் தாலி கட்டுவதை நிறுத்தினோமா? சுகன்யா சேர்த்து வைத்திருந்த பாட்டையெல்லாம் அழித்து இடம் பண்ணினேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அடுத்து, யாரும் மவுஸைத் தொடாவிட்டால் திரையில் மீன்கள் நீந்த ஆரம்பிக்கின்றன, மீன் வந்தால் படம் தத்துகிறது. அதனால் உன் அண்ணி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தாள். மீனை நிறுத்த ஒரு வழி உண்டு என்று பேசாமல் இருந்த மகள் பிற்பாடுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. நாதஸ்வரம் முடிந்த பிறகு அந்த ஆள் ஊதுகிறார். ஐயா சம்பந்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, "இந்தப் பந்திக்கு ரசமே வரலயே" என்று கமலவேணி அத்தையின் குரல் வருகிறது. ஐயா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண் கலங்கிப்போச்சு. மறுபடி துண்டு துண்டாக ஏற்றித்தான் சத்தத்தைச் சேர்த்தேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆல்பத்துப் போட்டோக்களையும் கடைசியில் சேர்ப்போம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஏற்றினேன். பிளாஷ் பட்டு எல்லாருக்கும் கண் சிவப்பு. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கில் சிவப்புக் கண்ணைச் சரிபண்ணலாம் என்று போட்டிருந்தது, அமுக்கினேன். வட்டமாய்ச் சிவப்பாய் எதைப் பார்த்தாலும் கண் என்று நினைக்கிற புத்திசாலி அது. நம் வீட்டுப் பொம்பளைகள் அத்தனை பேர் நெற்றியிலும் இருந்த குங்குமத்தைக் கறுப்பாக்கி, பழைய பேரிலேயே சேமித்தும் விட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா மலர்கொடி வந்து நிற்க வேண்டும்? "ஏண்ணே, நான் நல்லாருக்குறது ஒனக்குப் பொறுக்கலையா?" என்று ஒரே அழுகை. மாப்பிள்ளை அரங்கநாதன் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார், அது அவள் கண்ணில் படவில்லை. ஆல்பம் பத்திரமாக இருக்கிறது, திரும்ப ஸ்கேன் பண்ணலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கோயிலுக்குப் போய் விளக்குப் போட்ட பிறகுதான் அடங்கினாள்.

இனிமேல்தான் உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் அவன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வீடியோக்காரரிடம் கொடுப்பதும், அவர் அதைத் தாமரைப்பூவுக்குள் வைத்துப் படத்தில் சுற்றவிடுவதும் அப்போதைய வழக்கம், உனக்கே தெரியும். உன் போட்டோவையும் சுற்றவிட்டிருக்கிறார். எங்கே? ஐயா முகத்தின் மேல்! ஐயா இருந்தவரை இது எனக்கு உறைக்கவே இல்லை. ஐயா வாசலில் நின்று வரவேற்கிறார், முகத்தில் நீ சுற்றுகிறாய். தாரை வார்க்கிறார், நீ. பந்தியை விசாரிக்கிறார், அங்கேயும் நீ, அந்த அரும்பு மீசையோடு. கழுத்துக்குக் கீழே ஐயா, மேலே நீ. ஆளைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து கைக்கு மாற்றுவாரே, அது தெரிகிறது. நடை தெரிகிறது. முகம் ஓரிடத்திலும் இல்லை. பூவை எடுத்துவிடுங்கள் என்று ஆண்டவரைக் கேட்டால், "அரைச்ச மாவுலேர்ந்து உளுந்தப் பிரிக்கச் சொல்றீங்களேண்ணே" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். எங்க அப்பன் மூஞ்சியில பூ வைக்க நீ யாருய்யா, இனி இந்த வூட்டுப் படி ஏறாதே என்று கத்திவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்னித்துக்கொள், தம்பி. நீ கேட்ட முகம் இந்தச் சிடியில் இல்லை. அண்ணனால் முடிந்தது அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், மலர்கொடியும் மாப்பிள்ளையும் அப்படியே. எல்லா நலமும் பெற்றுப் பல்லாண்டு இருக்க வாழ்த்தும்,

உன் அண்ணன்,
ராசாங்கம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆண்டவர் வந்து நிற்கிறார். நான் விரட்டியும் வந்திருக்கிறார், பார். வீட்டைக் கிளறி, அன்றைக்குக் கேமராவில் ஓடிய மூலக் கேசட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அதன்மேல் பின்னால் ஏதோ திருவிழாவை எடுத்துவிட்டாராம், கடைசிக் கொஞ்சம்தான் மிச்சம். அதில் பூ இல்லை. ஐயா முழு முகத்தோடு இருக்கிறார், தம்பி. கடைசிப் பந்தி முடிந்து, உன் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆண்டவரிடம் நீட்டுகிறார். "சின்னவன் போட்டோவ மூலையில போட்றாதீங்க தம்பி. எம் மூஞ்சி மேலயே போடுங்க. என்னையத்தான் ஊரே தெனம் பாக்குதே. அவன் இங்க இருந்த மாதிரி இருக்கட்டும்" என்கிறார்.

இதையும் தனிச் சிடியாகப் போட்டுவிட்டேன். மேலே ஆண்டவரைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இரண்டு சிடியும் வருகிறது. நீ முதலில் பூச் சுற்றுகிற சிடியைப் பார். அதுதான் ஐயா எடுக்கச் சொன்ன படம்.