பதிமூன்றாவது டீயை வெட்டியவன்

பேய்க்குக் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். (சிரிக்காதீர்கள், அப்போது எங்களுக்கு நடுவே நாலடிதான் இருந்தது.)

பி.காம். முடித்த கையோடு திருவொற்றியூரில், படகுகளில் வலை இழுக்கும் கப்பிகளைக் கடையும் லேத் பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி பாய். ஒரு கப்பிக்கு உண்மையில் என்ன அடக்கம் என்று சொல்ல வேண்டும், அதுதான் சோதனை. இரும்பும் கூலியும் நேரடிச் செலவு. வாடகை, கரண்ட், டீ எல்லாம் எந்த ஒரு கப்பியோடும் ஒட்டாத மறைமுகச் செலவு. எல்லாக் கப்பிகளுக்கும் பங்கு போட வேண்டும். (எனக்கோ பங்கு போடுவதைவிட வெட்டுவதில்தான் ஆசை.)

ஆட்கள் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு. டீ பதிமூன்று. ஸ்டோர் பார்க்கும் மேரி அக்காவிடம் கேட்டேன்.

“அது அந்தோணி அண்ணனுக்கு. கோடி ரூம்ல கீற லேத்து அவுரோடது. செத்து ஆறு வருசமாவுது. டீ வெச்சாத்தான் மத்தவங்க அந்த ரூமாண்ட போவாங்க.”

“செத்தவருக்கு டீ வாங்கினா கப்பி விலைதான்க்கா ஏறும்” என்று விளக்கிவிட்டு, அன்றே நிறுத்தினேன்.

மூன்று நாளாக அந்த அறைக்குள் ஒருவரும் போகவில்லை. பாதிக் கப்பிகளைக் கடைவது அங்கேதான் என்பதால் உற்பத்தி பாதியாகக் குறைந்தது. வாடகை குறையுமா? அத்தனையும் மிச்சமிருந்த கப்பிகளின் தலையில் ஏறியது. வேலை போய்விடும் போலிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று காட்ட, பட்டப்பகலில் நானே போனேன்.

ஜன்னல் இல்லாத அறை. கரண்ட் போனது. வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்போது, என் பக்கத்தில் யாரோ டீயை ஊதி ஊதி உறிஞ்சுவது கேட்டது. கால் நகரவில்லை, வாய் மட்டும் வேலை செய்தது.

“அண்ணே, உங்க டீய வெட்டினது தப்புதான். மறைமுகச் செலவுல போட்டதும் தப்பு. நேரடிச் செலவுலயே சேத்துடறேன். போனஸ்கூடப் போடலாம்ண்ணே...”

கரண்ட் வந்தது. வாசலில் பட்டறையே நின்றிருந்தது. லேத்தின் மேல் ஒரு கிளாஸ். அடியில் கொஞ்சம் டீ, ஆவியோடு.

பாய் நிதானமாகச் சொன்னார்: “நேரடியெல்லாம் வாணாம்ப்பா, இருக்கற எடத்துலயே இருக்கட்டும். எந்தக் கப்பியிலயும் ஒட்டாத டீதான், அது இல்லாம ஒரு கப்பியும் வரமாட்டேங்குது பாத்தியா? நாளைலேர்ந்து நீயே வெச்சிடு.”

அப்படித்தான் வேலை நிரந்தரமானது. அந்தக் கிளாஸை வைத்தது யாரென்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். எல்லோரும் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால், இருட்டிலிருந்து என் மகள் குரல் கொடுப்பாள்: “அண்ணே, போனஸ் எப்பண்ணே?” வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கரண்ட் வந்த பிறகு.