எட்டாவது வார்டு கவுன்சிலரின் அட்டூழியம்

ஐயாவு மண்வெட்டியும் கையுமாக வந்து பார்த்தபோது வாய்க்காலைக் காணவில்லை. நேற்றுவரை தண்ணீர் ஓடிய இடத்தில் கிராவலைக் கொட்டி, ரோலர் விட்டு அமுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் செல்லதுரையின் புதுக் கல்யாண மண்டபம் பளபளத்தது. இந்தப் பக்கம் ஐயாவுவின் சம்பா நாற்றங்கால் காய ஆரம்பித்திருந்தது.

அரை ஏக்கர்தான் நிலம். மாமனார் வீரையன் பண்ணையாளாக இருந்து, சங்கத்துக் கொடி பிடித்து, மண்டையில் அடி வாங்கி, நில உச்சவரம்புச் சட்டத்தில் பெற்றது. ஒரே மகள் காத்தாயிக்கு விட்டுப்போனார். ஐயாவு பல வருடம் திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கி அலுத்துப்போய், இந்த நிலத்தை நம்பிப் போன வருடந்தான் ஊர் திரும்பியிருந்தான். இந்தச் சம்பா போனால் மறுபடியும் மூட்டைதான்.

மண்டப வாசலில் செல்லதுரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கவுன்சிலரே, இது பொது வாய்க்காலுங்க."

"கல்யாணத்துக்கு வர்றவன் காரை எங்கே ஓட்டுவான், உன் தலை மேலயா?"

"என் நாத்து காயுதுங்க."

"அப்படியா? கவுன்சிலர் மேல ஒரு புகார் குடேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் ஐயாவுக்கு ஆகவில்லை. வார்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் இந்த மனுஷனிடம்தான் போய் நிற்க வேண்டும். சுவரொட்டியில் கும்பிடுவதும் அவர், சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றுவதும் அவர். கேட்பதற்கு ஆள் இல்லை என்ற திமிர்.

நேரே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். நிர்வாக அலுவலர் இராஜாங்கம் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டாவது வார்டு கவுன்சிலர் மேலயா? வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?"

"வீட்டுல எதுக்குங்க சொல்லணும்?"

"இல்ல, நாளைக்குக் குடும்பத்துல பிரச்சினை வரக்கூடாது பாருங்க."

இது மிரட்டல் என்று ஐயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "வர்ற பிரச்சினை வரட்டுங்க!" என்று மேசையைத் தட்டினான். இராஜாங்கம் பெருமூச்சு விட்டு, மனுவில் முத்திரை குத்தினார்.

விளக்கம் கேட்டு மனுவைக் கவுன்சிலருக்கு அனுப்புவதுதான் அங்கே வழக்கமாம். சாயங்காலமே அது செல்லதுரையின் சட்டைப் பையில் இருந்தது. டீக்கடையில் அதை உரக்கப் படித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, எல்லாரையும் சிரிக்க வைத்தார். மறுநாள் மிச்சமிருந்த வாய்க்காலையும் தூர்த்து, கையோடு ஐயாவுவின் வரப்பிலும் ஒரு லோடு கிராவல் கொட்டினார்கள்.

இதற்கு மேலிடம்தான் சரி என்று தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதும் ஜெய்னுலாபுதீனிடம் போனான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"செல்லதுரைன்னு பேரு எழுதாதே தம்பி. மானநஷ்டம்னு உன்னையே கோர்ட்டுக்கு இழுத்துடுவாரு. எட்டாவது வார்டு கவுன்சிலர்னு மட்டும் போடுவோம். பதவியைப் புடிச்சா ஆளு தப்ப முடியாது."

ஐயாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

"அப்படின்னா நல்லா காரமா எழுதுங்க பாய். பதவியைப் புடுங்கணும்."

"எழுதியாச்சு."

"வாய்க்காலைத் திரும்ப வெட்டுற செலவைக் கவுன்சிலரே குடுக்கணும்."

"ம்."

"குடுக்க முடியலேன்னா கவுன்சிலர் நிலத்தை ஜப்தி பண்ணணும்!"

பாய் பேனாவை நிறுத்தினார். "வேணாம் தம்பி. ஒரு குடும்பத்தோட சோத்துல கை வைக்கிறது பாவம்."

"என் சோறு காஞ்சுக்கிட்டு இருக்கு பாய். எழுதுங்க."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தான். விஷயம் அவனுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. நடவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இடுப்பு வலி வந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் அவனுக்குத் தண்ணீர் இரைத்துக் கொடுத்த எஞ்சின் திடீரென்று ரிப்பேர். தண்ணீருக்கு வேறு வழியில்லாமல் காத்தாயி குளத்திலிருந்து குடத்தில் மொண்டு வந்து நாற்றில் ஊற்றினாள்.

"விட்டுடுங்க. அந்தாளு எவ்வளவு பெரிய ஆளு! கவுன்சிலரோட நமக்கு என்னங்க வழக்கு?"

"நீ கொடத்தைத் தூக்கு. கவுன்சிலர் சமாச்சாரமெல்லாம் உனக்குத் தெரியாது."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தாள்.

ஐயாவு விடவில்லை. கோட்டாட்சியருக்கு ஒரு மனு, அமைச்சருக்கு ஒரு மனு, முன்பு கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்டு ஒரு மனு. ஒவ்வொன்றிலும் ஜப்தி என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போடச் சொன்னான்.

ஒருநாள் செல்லதுரையே வீடு தேடி வந்தார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"ஐயாவு, மனுவெல்லாம் வாபஸ் வாங்கிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பயம் வந்துடுச்சா கவுன்சிலரே?"

"எனக்கு என்னப்பா பயம்?" என்றவர், காத்தாயி கொடுத்த மோரைக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைப் பாவமாகப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆள் ஆடிப்போய்விட்டான் என்று ஐயாவுக்கு ஒரே குஷி. மறுநாளே போய், சீக்கிரம் ஜப்தி செய்யுமாறு இன்னொரு மனு கொடுத்துவிட்டு வந்தான்.

அதோடு எல்லாம் ஓய்ந்துபோனது. எங்கிருந்தும் பதில் இல்லை. நாற்றங்காலில் முக்கால்வாசி வைக்கோலாகிவிட்டது. குடத் தண்ணீரில் தப்பிய கொஞ்சமும் பிடுங்கி நட ஆளில்லாமல் முற்றிக்கொண்டிருந்தது. மாமனார் அடிபட்டு வாங்கிய மண்ணை ஒரு லாரி கிராவலுக்குப் பறிகொடுத்தோமே என்று நினைத்தபோது ஐயாவுக்குத் தாங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். காத்தாயி சமாதானம் சொல்ல வந்தவள், தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் கிராம உதவியாளர் அமிர்தலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் வந்தார்.

"ஐயாவு, உன் மனு பலிச்சிருச்சுப்பா. எட்டாவது வார்டு கவுன்சிலர் பதவி காலி. நாளைக்கே வாய்க்காலை வெட்டுறாங்க. அந்தச் செலவுக்குக் கவுன்சிலர் நிலத்தை ஜப்தி பண்ணச் சொல்லி உத்தரவு."

ஐயாவு துள்ளி எழுந்தான். "காத்தாயி, பாத்தியாடி! ஏழை அழுத கண்ணீர் சும்மா போயிடுமா? ஜெயிச்சுட்டோம்!"

காத்தாயி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றார் அமிர்தலிங்கம்.

ஐயாவு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"உன்னோடது இல்லப்பா. காத்தாயியோடது."

"அவளோடது எதுக்கு?"

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மகளிர் குழு சமாச்சாரமா இருக்கும்ங்க. நீங்க திருப்பூர்ல இருந்தப்ப செல்லதுரை அண்ணன் ஏதோ காகிதத்துல என் கைரேகை வாங்குனாரு, அப்புறம் என்னைக் கார்ல கூட்டிட்டுப் போயி, மாலை போட்டு, ஆபீசருங்க முன்னால எதையோ திருப்பிச் சொல்லச் சொன்னாரு. குழுவுல சேத்தாச்சு, இனிமே எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன், நீ வரவேண்டாம்னுட்டாரு."

அமிர்தலிங்கம் மைப் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"அது குழு இல்லம்மா, பதவிப் பிரமாணம்; இது பொம்பளைங்க வார்டு, போட்டியில்லாம ஜெயிச்ச கவுன்சிலர் நீதான், ஜப்தியாகப் போறதும் இந்த அரை ஏக்கர்தான்."