ஊற்றடியில் குறைதீர்க்கும் கூட்டம்

ஒரு காட்டில் நடந்த கதை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் காட்டுக் கதைகளில் சிங்கங்களுக்கே இடம் போதவில்லை. ஆகவே இது கடலுக்கடியில் நடந்தது.

அங்கே பாறை இடுக்கில் ஒரு வெந்நீர் ஊற்று. அதில் வருவது தண்ணீர் பாதி, அமிலம் பாதி; அத்தனை புளிப்பு. ஊற்றைச் சுற்றி நண்டுகள் வசதியாகக் குடியிருந்தன. மேலே, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போகும் சிற்றுயிர்கள் வாழ்ந்தன. அவற்றில் ஒருத்தி வடிவு. அரிசிக் குருணையில் பாதிகூடத் தேறாத, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான துடுப்புக்காலி. வாலருகே இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். போன முறை சுமந்தவை ஊற்றுப் பக்கம் போய்வந்ததில் பொரியாமலே கெட்டுப்போயின. இந்த முறையாவது பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அவள் தோழி மரகதம், ஓடு போட்ட கடல் பட்டாம்பூச்சி, அதாவது சிறகடித்து நீந்தும் குட்டி நத்தை. புளிப்பில் கரைந்து கரைந்து அந்த ஓடு இப்போது இட்லித் துணி மாதிரி இருந்தது.

இருவரும் கூட்டத்தோடு போய் நண்டுத் தலைவர் பரிபூரணத்திடம் முறையிட்டார்கள்.

"ஊத்துத் தண்ணி எங்களைக் கொல்லுதுங்க ஐயா," என்றாள் வடிவு.

"ஊத்து நம்ம ஊருக்கே பெருமைம்மா. நாங்க அதுலயேதான் குடியிருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? உங்களுக்குச் சத்துக் குறைவு."

ஆனாலும் தலைவர் நியாயஸ்தர். உடனே எல்லோர் முன்னிலையிலும் தண்ணீரைச் சோதித்தார். அப்போது நீரோட்டம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றின் புளிப்பையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"எங்க புளிக்குது?" என்றார்.

யாருக்கும் புளிக்கவில்லை.

"இருந்தாலும் உங்க குறையை நான் முழுசாக் கேக்கணும். இந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழலை. கடல் ஏத்தம் முடிஞ்சு வத்தம் தொடங்குறதுக்கு முன்னால நீரோட்டம் கொஞ்ச நேரம் நிக்குமில்ல, அப்ப எல்லாரும் ஊத்துக்கு நேர் மேல வந்து நில்லுங்க. நானே வெளிய வந்து கேக்கறேன்."

கூட்டம் உருகிவிட்டது. இப்படி ஒரு தலைவரா!

நீரோட்டம் தளரத் தொடங்கியது. சொன்ன சொல் தவறாமல் தலைவர் வளையைவிட்டு வெளியே வந்தார். பின்னாலேயே மனைவி, மைத்துனர், பேரப்பிள்ளைகள். பந்திக்கு உட்கார்ந்தாற்போல் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

வடிவு மரகதத்தை நெருங்கினாள். "குறை கேக்கறதுக்குப் பேரப்பிள்ளைங்க எதுக்குடி?"

"குடும்பத்தோட வந்திருக்காங்க. எவ்வளவு மரியாதை பாரு!" என்றாள் மரகதம். "வரிசையில நான்தான் முதல் ஆளு. இடத்தை விட மாட்டேன்."

வடிவு இழுத்துப் பார்த்தாள். அவள் வரவில்லை. முட்டைப் பைகளை நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நீரோட்டத்தோடு வடிவு தாவித் தாவி விலகிப் போனாள்.

நீரோட்டம் நின்றது. அள்ளிப்போக ஆளில்லாமல் புளித்த வெந்நீர் நேரே மேலே எழுந்தது. குறை சொல்ல வந்தவர்கள் வாய் திறப்பதற்குள் செத்து, பொரி தூவினாற்போல் உதிர்ந்தார்கள். முதலில் மரகதம். நண்டுகள் இரண்டு கொடுக்காலும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டன.

தூரத்தில் நின்று வடிவு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே பைகள் பிரிந்து பிள்ளைகள் நீந்தத் தொடங்கினார்கள்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: "இன்னைக்கு வந்த எல்லாக் குறையும் தீர்ந்தது. விட்டுப்போனவங்க இருந்தா அடுத்த தடவை நீரோட்டம் நிக்கும்போது வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க."

நீதி: அதிகாரி நம் குறையைக் கேட்கத் தானே நேரில் வந்தால், அவருக்குப் பசிக்கிறது என்று அர்த்தம்.